கேள்வி நேரத்தில் துன் சம்பந்தன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நடந்த மாணவர்கள் அனைவருக்கும் துன் சம்பந்தன் சாலை தெரிந்திருக்கும். அதே பெயரில் மோனோரயில் நிலையமும் உண்டு. ம.இ.கா.வின் ஐந்தாவது தேசியத் தலைவர், சுதந்திரத்துக்கு முன்பே அமைச்சரானவர், தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் என்று அவரைப் பற்றிச் சில வரிகள் படித்திருப்பீர்கள். பொதுவாக நம் நினைவு அத்துடன் நின்றுவிடுகிறது.

நான் இங்கே சொல்ல விரும்புவது, அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம். 1959 முதல் 1971 வரை அவர் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். ஓர் ஊருக்குச் சாலை எப்போது வரும், பாலம் ஏன் இன்னும் கட்டவில்லை, தபால் நிலையம் எங்கே, தொலைபேசி இணைப்பு ஏன் தாமதம் என்ற கேள்விகள் நாடாளுமன்றத்தில் எழுந்தால், பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அவருடையது. வீர உரைகளுக்கு இடமில்லாத வேலை அது. ஆனால் ஒரு குடிமகனின் அன்றாட வாழ்க்கை அரசாங்கத்தைத் தொடுகிற இடமும் அதுதான்.

சுங்கை சிப்பூட்டிலிருந்து

வீ. தி. சம்பந்தன் என்ற வீராசாமி திருஞானசம்பந்தன், 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்பூட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, அங்கே ரப்பர் நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தவர். ஆகவே சம்பந்தன் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை இல்லை. வசதியான குடும்பத்துப் பிள்ளை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. காந்தியச் சிந்தனை அவர் மனத்தில் பதிந்தது அங்கேதான்.

ஊர் திரும்பியபோது, மலாயா அமைதியாக இல்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்பூட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. வேலிக்கும் சோதனைச் சாவடிக்கும் நடுவே வாழ்ந்த அந்த ஊரில், சம்பந்தன் முதலில் கையில் எடுத்தது ஒரு பள்ளிக்கூடத்தை. சுங்கை சிப்பூட் மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்பட்டது. ஜவகர்லால் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

1955இல் அவர் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. அதில் ம.இ.கா.வுக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று சம்பந்தனுடையது. உடனே தொழிலாளர் அமைச்சர், 1957இல் சுகாதார அமைச்சர், 1959இல் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர் என்று பொறுப்புகள் மாறின. மூன்றாவது பொறுப்பில்தான் அவர் மிக நீண்ட காலம் இருந்தார்.

கேள்வி நேரம் என்றால் என்ன?

நாடாளுமன்றக் கூட்டங்களில் ஒரு பகுதி கேள்விகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. உறுப்பினர் தம் கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுவார். அமைச்சரின் இலாகா அதிகாரிகள் கோப்புகளைப் புரட்டிப் பதில் தயாரிப்பார்கள். அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். பதிலைக் கேட்ட உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். அதற்கு எழுதி வைத்த பதில் கையில் இருக்காது. தம் இலாகாவை அறிந்த அமைச்சர் யார், அதிகாரி எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிப்பவர் யார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் வார்த்தை மாறாமல் பதிவாகின்றன. அந்தப் பதிவுக்கு ஹன்சார்ட் என்று பெயர். 1959ஆம் ஆண்டு முதலான மக்களவைப் பதிவுகளை நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே படிக்கலாம். பொழுதுபோக்காக நான் அவற்றைப் புரட்டத் தொடங்கியபோது என்னைக் கவர்ந்தவை பெரிய விவாதங்களைவிட இந்தச் சின்னக் கேள்விகளே. தேர்தல் மேடையில் ஒரு கம்பத்தின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். அதே கம்பத்தின் சாலையைப் பற்றி நாட்டின் உச்ச அவையில் கேள்வி கேட்டால், ஓர் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அச்சிலும் நிற்கும்.

கேட்டவர்கள் யார்?

1959 செப்டம்பரில் முதல் நாடாளுமன்றம் கூடியபோது மக்களவையில் 104 உறுப்பினர்கள். நமக்கென்று இப்போதிருக்கும் நாடாளுமன்றக் கட்டடம் அப்போது இல்லை. ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் அவை கூடியது. புதிய கட்டடத்தின் திறப்பு விழா 1963 நவம்பரில் நடந்தது. அதை வடிவமைத்தது பொதுப்பணி இலாகா, அதாவது நாம் ஜே.கே.ஆர். என்று அழைக்கும் துறை. சம்பந்தன் தம் சொந்த இலாகா எழுப்பிய கூரையின் கீழேயே நின்று, அந்த இலாகாவின் குறைகளுக்குப் பதில் சொன்னார்.

எதிரே இருந்தவர்கள் லேசானவர்கள் இல்லை. ஈப்போ வட்டாரத்தின் சீனிவாசகம் சகோதரர்கள் இருவரும் பெயர் பெற்ற வழக்கறிஞர்கள். பங்சார் தொகுதியில் 1959இல் வென்ற வி. டேவிட் தொழிற்சங்கவாதி. 1964இல் பத்து தொகுதியில் வென்ற டாக்டர் டான் சீ கூன், கேள்வி கேட்பதில் சளைக்காதவர் என்று பெயர் எடுத்தார். எதிர்க்கட்சி வரிசையில் தமிழர்கள் இருந்தார்கள், அமைச்சர் வரிசையில் ஒரு தமிழர் இருந்தார். அவையில் அவர்களைப் பிரித்தது கட்சியும் பொறுப்பும்தான்.

1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானது. சபா, சரவாக், சிங்கப்பூர் உறுப்பினர்கள் வந்து சேர்ந்ததும் அவையின் எண்ணிக்கை 159 ஆனது. ஆறுதான் நெடுஞ்சாலை, படகுதான் பேருந்து என்று வாழ்ந்த சரவாக் ஊர்களும் இப்போது அதே அமைச்சரின் கணக்கில் வந்தன. தீபகற்பத்திலேயே பணம் போதாத நேரம் அது. எந்தச் சாலைக்கு முதலில் நிதி, எது அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் போகும் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஆம் என்றால் இன்னொருவருக்குக் காத்திருக்கச் சொல்வதாகிவிடும். இல்லை என்ற பதிலையும் காரணத்தோடு சொல்லவேண்டியது அமைச்சரின் கடமை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அன்று தபாலும் தொலைபேசியும் அரசாங்க இலாகாக்கள். தொலைத்தொடர்பு 1987இல்தான் நிறுவனமாக மாறியது; தபால் துறை 1992இல். இன்று இணைய வேகம் குறைந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைக்கிறோம். அன்று தொலைபேசிக் கம்பி வராவிட்டால் அதற்குப் பொறுப்பானவர் அவையில் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார்.

பதில் நின்றுபோகும் வேலி

ஆனால் எந்தக் கேள்வி நேரமும் தாண்ட முடியாத எல்லை ஒன்று இருந்தது. அது தோட்டத்து வேலி.

தோட்டம் தனியார் நிலம். வேலிக்கு வெளியே ஓடும் தார்ச்சாலை அரசாங்கத்துடையது. உள்ளே போகும் செம்மண் சாலை நிர்வாகத்துடையது. லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், விளக்கு எல்லாம் நிர்வாகத்தின் கையில். கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்து சேரும். என் தாத்தா பால் மரம் வெட்டியவர். ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று காலைப் பெரட்டில் கிராணியின் முகத்தைப் பார்த்து நிற்பார்களாம். தபால் இலாகாவின் வேலை ஆபீஸ் வாசலோடு முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து 1950களில் தொடங்கியது. சுதந்திரம் நெருங்க, ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் தாத்தாக்கள் இன்னும் கசப்போடு சொல்வது இதைத்தான். தோட்டம் துண்டானால் வேலை மட்டும் போவதில்லை. வீடு, பள்ளிக்கூடம், கோயில், தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிடும். நிலம் தனியாருடையது, விற்பது அவர்கள் உரிமை என்று சட்டம் சொல்லும்போது, அமைச்சர் அவையில் என்ன உறுதி தர முடியும்?

பத்து வெள்ளி

சம்பந்தன் இதற்குத் தேடிய விடை அவைக்கு வெளியே இருந்தது. தோட்டத்தை விற்கிறார்கள் என்றால், தொழிலாளர்களே வாங்கட்டும் என்பதே அது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகத் தவணையில் கட்டலாம்.

நாள் கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில், 10 வெள்ளி சாதாரணப் பணம் இல்லை. அதுவும் முன்பு பலரிடம் பணம் கொடுத்து ஏமாந்த மக்கள். அவர்களிடம் அமைச்சரே தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கினார். 1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. அதைத் தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் வந்தன. வேலி அப்படியே இருந்தது. ஆனால் அந்த வேலிக்குள்ளே இருந்தவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள்.

எல்லாரையும் இது காப்பாற்றவில்லை. சங்கம் வாங்கிய தோட்டங்களைவிடத் துண்டாகிப் போனவை அதிகம். 1960களின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அரசாங்கத்தில் இருந்துகொண்டு அவர் இன்னும் உரக்கக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்றும் விமர்சித்தார்கள், இன்றும் விமர்சிப்பவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டென்று நானும் நினைக்கிறேன். கூட்டுக் கட்சி அரசாங்கத்தில் அமைதியாகப் பேசிக் காரியம் சாதிக்கும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார். அந்த வழி தந்ததும் உண்டு, தராததும் உண்டு.

கேள்வி இல்லாத நாட்கள்

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் கூடவில்லை. தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1971 பிப்ரவரியில்தான் அவை மீண்டும் கூடியது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மக்களவையில் கேள்வி நேரமே இல்லை. சாலைகளும் தபாலும் நிற்கவில்லை. ஆனால் அவை ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று மக்கள் பெயரால் கேட்கும் இடம் மூடியிருந்தது. கேள்வி நேரம் எவ்வளவு பெரிய உரிமை என்பது அது இல்லாதபோதுதான் புரிகிறது.

1972இல் சம்பந்தன் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சரானார். கலவரத்தின் காயம் ஆறாத நாட்டில், அது கடினமான பொறுப்பு. 1973இல் ம.இ.கா. தலைமையை டான்ஸ்ரீ மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 1974இல் அமைச்சர் பதவியும் முடிந்தது. அதன் பிறகு தேசிய ஒருமைப்பாட்டு வாரியத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1979 மே 18ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன்பே காலமானார். தந்தை விட்டுச்சென்ற ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி அப்போது அவர் கையில் இல்லை. பதவிக்கு வந்து சொத்து குறைந்தவர் என்று பழைய தலைமுறை அவரைப் பற்றிச் சொல்வது இதனால்தான்.

மாணவர்களே, உங்கள் தாமானில் தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியாமல் இருக்கலாம். பள்ளிக்கு வரும் பேருந்து நின்றுபோயிருக்கலாம். முகநூலில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழகிவிட்டது. அதோடு நிற்காமல், அது நகராண்மைக் கழகத்தின் பொறுப்பா, மாநில அரசின் பொறுப்பா, கூட்டரசின் பொறுப்பா என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு தேதி, இடம், எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்ற விவரத்தோடு உங்கள் மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குக் கடிதம் கொடுங்கள். விவரம் சரியாக இருந்தால்தான் கேள்வி கூர்மையாகும். கேள்வி கூர்மையாக இருந்தால் மழுப்பலான பதில் எளிதில் வராது. வேலிக்கு உள்ளே இருக்கும் பிரச்சினை என்றால், பத்து வெள்ளியோடு தொடங்கிய அந்தச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.