இந்தியச் சாப்பாடு கைவிட்டது... ‘ஷாம்பூ’ கைகொடுத்தது! யார் இந்த தீன் முகமது?

லண்டனில் இன்று எங்கே திரும்பினாலும் இந்திய உணவகம்தான். ஆனா, அங்கே முதன்முதலில் ஓட்டல் திறந்த இந்தியர், இரண்டே ஆண்டுகளில் திவாலானார் என்பது தெரியுமா?

பாட்னாவில் 1759-ல் பிறந்தவர் சேக் தீன் முகமது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்தவர், 1784-ல் தன் அதிகாரியுடன் அயர்லாந்துக்குக் கப்பலேறினார். அங்கேயே ஜேன் டேலி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1794-ல் அவர் வெளியிட்ட பயண நூல்தான், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் புத்தகம்.

ஓட்டல் ஏன் தோற்றது?

1810-ல் லண்டன் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் ‘ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்’ தொடங்கினார். பெயரில்தான் காபி, ஸ்பெஷல் எல்லாம் இந்தியச் சாப்பாடும் ஹூக்காவும். இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய வெள்ளைக்காரர்கள்தான் டார்கெட். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஆனா, அந்த வசதியான ஆட்களால் வீட்டிலேயே சமையல்காரர் வைத்து அதே சாப்பாட்டைச் சாப்பிட முடியும். செலவு ஏறியது, வரவு போதவில்லை. 1812-ல் திவால். 50 வயதைத் தாண்டியவர், வேலை கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்.

பிரைட்டனில் என்ன மாற்றினார்?

1814-ல் குடும்பத்தோடு பிரைட்டன் போனார். உடம்பு தேறணும்னு பணக்காரர்கள் தேடி வரும் கடற்கரை ஊர் அது. மூலிகை ஆவிக் குளியல், கூடவே மசாஜ். வாடிக்கையாளர் ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் இருப்பார். மசாஜ் செய்பவர் வெளியே இருந்து கையை மட்டும் உள்ளே விடுவார். இதற்குப் பெயர்தான் ‘ஷாம்பூயிங்’. அழுத்து, பிசை என்ற பொருள் தரும் இந்திச் சொல்லில் இருந்து வந்தது. தலைமுடிக்கும் அதற்கும் அப்போ சம்பந்தமே இல்லை!

லண்டனில் அவர் விற்றது ஒரு ஏக்கத்தை. பிரைட்டனில் விற்றது மூட்டுவலிக்கு நிவாரணம். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களை அங்கேயே காட்சிக்கு வைத்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரண்டு மன்னர்களுக்கு ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ ஆனார்.

எல்லாமே நேர்மையான மார்க்கெட்டிங் கிடையாது. நம்பிக்கை வரணும்னு வயதில் 10 ஆண்டுகளைக் கூட்டினார். மருத்துவம் படித்ததாகவும் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் என்ன ஆனது?

பேரும் புகழும் அவருக்கு. ஆனா கட்டடம் முதலீட்டாளருடையது. அவர் இறந்ததும் 1841-ல் ஏலத்துக்கு வந்தது. அதை வாங்க முகமதுவிடம் பணம் இல்லை. சின்ன இடத்துக்கு மாறி, தொழிலைத் தொடர்ந்தார். 1851-ல் பிரைட்டனிலேயே இறந்தார். லண்டனில் அவர் ஓட்டல் இருந்த இடத்துக்கு அருகே நினைவுப் பலகை வைக்கப்பட்டது 2005-ல்தான்.