பெர்த்தாம் பனைக்குப் பெயர் சூட்டிய மருத்துவர்

மலாக்கா மாநிலத்தில் பெர்த்தாம் என்ற ஊரை அறியாத மாணவர் குறைவு. அதே பெயரில் நம் மழைக்காட்டில் ஒரு பனை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பனைக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் வில்லியம் கிரிஃபித். அவர் உயிர் பிரிந்ததும் இதே மலாக்காவில்தான்.

1810 மார்ச் 4ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்த கிரிஃபித், லண்டனில் மருத்துவம் படித்தார். பேராசிரியர் ஜான் லிண்ட்லியிடம் தாவரவியலும் கற்றார். 22 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை வந்து இறங்கினார். 1835இல், அஸ்ஸாமில் காட்டுத் தேயிலை வளர்வதை ஆராயச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். அதன்பின் பர்மா, பூட்டான், ஆப்கானிஸ்தான் என்று அலைந்தார். போன இடமெல்லாம் செடிகளைச் சேகரித்தார்.

1841இல் மலாக்காவுக்கு மருத்துவராக மாற்றலாகி வந்தார். அப்போது இங்கே ரப்பரும் இல்லை, செம்பனையும் இல்லை. ஊரைத் தாண்டினால் காடுதான். அந்தக் காட்டின் பனைகளும் பிரம்புகளும் அவரை ஈர்த்தன.

அவற்றுள் ஒன்றே பெர்த்தாம். இது தென்னைபோல் உயர்ந்து நிற்காது. தண்டு வெளியே தெரியாமல், முள் நிறைந்த காம்புகளோடு பல மீட்டர் நீள ஓலைகள் தரையிலிருந்தே புதராக எழும்பும். ஒரு தூர் ஒரே முறை பூத்துக் காய்த்து மடியும். பக்கக் கன்றுகள் புதரைத் தொடர்ந்து வாழவைக்கும். மக்கள் இதன் ஓலையால் கூரை வேய்ந்தனர். பூர்வகுடியினர் காம்பைச் சீவி ஊதுகுழல் அம்பு செய்தனர்.

கிரிஃபித் 1844இல் இதற்கு யூகெய்சோனா டிரிஸ்டிஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் கிரேக்க மொழியில் நல்ல கூரையைக் குறிப்பது. இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் சோகம் என்று பொருள்.

இடையில் 1842இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவைத் தற்காலிகமாக நிர்வகிக்க அவர் அழைக்கப்பட்டார். செடிகளைக் குடும்பவாரியாக வரிசைப்படுத்துவதற்காக, பழைய பெருமரங்கள் பலவற்றை வெட்டச் செய்தார். விடுப்பு முடிந்து திரும்பிய கண்காணிப்பாளர் வாலிச் மனம் நொந்தார். 1848இல் பூங்காவைப் பார்த்த ஜோசப் ஹூக்கரும் அதைக் குறை கூறினார். செடிகளை அவ்வளவு நேசித்தவர் செய்த பிழை அது.

1844 செப்டம்பரில் திருமணம் செய்துகொண்டு, அவர் மீண்டும் மலாக்கா வந்தார். வந்த சில வாரங்களிலேயே கல்லீரல் நோய் தாக்கியது. 1845 பிப்ரவரி 9ஆம் தேதி மறைந்தார். 35 வயதுகூட நிறையவில்லை. அவருடைய குறிப்புகளை நண்பர் மெக்லெலண்ட் தொகுத்து அச்சேற்றினார். பனைகளைப் பற்றிய பெருநூல் 1850இல் வெளிவந்தது. ஆசிரியரே பிழை பார்க்க வாய்ப்பில்லாததால் அந்தப் பதிப்புகளில் தவறுகள் பல தங்கிவிட்டன.

அவர் அறியாமல் போன அதிசயம் ஒன்று 2008இல் தெரியவந்தது. பெர்த்தாம் பூவின் தேன் நம் கள்ளைப்போல் தானே புளித்து நுரைக்கிறது. அதில் 3.8 விழுக்காடு வரை மது உண்டு. இறகுபோன்ற வால்நுனி கொண்ட ஒரு சின்னஞ்சிறு மரமூஞ்சூறு இரவுதோறும் வந்து அதைக் குடிக்கிறது, ஆனால் தள்ளாடுவதில்லை. குடித்தபடியே மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது.

1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நடப்பட்டது. பின்னர் மலாக்காவின் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் அங்கே பால் மரம் வெட்டினர். பெர்த்தாமோ எஞ்சிய காடுகளுக்குள் ஒதுங்கியது. மரம் வெட்டப்பட்ட காட்டில் அது அடர்ந்து பரவி, பெருமரங்களின் கன்றுகளை மேலே வர விடாமல் தடுப்பதும் உண்டு. காட்டைக் கலைத்தால் அதன் சமநிலையும் கலையும் என்பதற்கு இதுவே சான்று.

மாணவர்களே, தோட்டத்துச் செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பெர்த்தாம் இந்த மண்ணில் பிறந்தது. அடுத்த முறை காட்டுப் பாதையில் நடக்கும்போது அதைத் தேடிப் பாருங்கள்.