அண்ணாமலை செட்டியார்

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் (செப்டம்பர் 30, 1881 - ஜூன் 15, 1948) வணிகர், கல்வி வள்ளல், தமிழிசை இயக்கத்தின் முன்னோடி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவரே.

வாழ்க்கை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். இந்தியன் வங்கியின் நிறுவனர்களுள் ஒருவர். 1923இல் சர் பட்டமும் 1929இல் ராஜா பட்டமும் பெற்றார். தமையனார் ராமசாமி செட்டியார் சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளி நிறுவியவர்.

கல்லூரியும் சட்டமும்

1920இல் தென்னார்க்காடு மாவட்டத்தின் (இன்றைய கடலூர் மாவட்டம்) சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தமிழ், வடமொழிக் கல்லூரிகளும் தோன்றின. தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை பணியாற்றினார்.

மீனாட்சி கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. ஆகவே பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அதற்கு இல்லை. தனிப் பல்கலைக்கழகம் அமைய வேண்டுமாயின் சட்டமன்றம் சட்டம் இயற்றியாக வேண்டும். செட்டியார் தம் கல்வி நிலையங்களுடன் 20 இலட்சம் ரூபாயையும் அளிக்க முன்வந்தார். அரசும் நிதி வழங்க இசைந்தது. 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் 1929 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிக் கற்கும் பல்கலைக்கழகமாக அது அமைந்தது. பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பொறுப்பு அதற்கு இல்லை. பாடத்திட்டமும் பட்டமும் இனி சிதம்பரத்திலேயே முடிவாயின.

இச்சட்டத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. நிறுவனரே இணைவேந்தர், அவருக்குப் பின் அவர் வழித்தோன்றல். துணைவேந்தர் பதவிக்குரிய பெயர்களைப் பரிந்துரைப்பதும் இணைவேந்தரே. கொடையாளருக்கு இவ்வளவு அதிகாரத்தைச் சட்டமே அளித்தது அரிது. முதல் துணைவேந்தராக எஸ். ஈ. அரங்கநாதனும், 1935இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் பொறுப்பேற்றனர்.

தமிழிசை

கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் துக்கடாக்களாக ஒதுக்கப்பட்ட காலத்தில், அவற்றைக் கற்பிக்கவும் பரப்பவும் செட்டியார் பொருளுதவி செய்தார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. இதற்கு எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது.

மறைவுக்குப் பின்

மகன் முத்தையா செட்டியாரும், அவருக்குப் பின் பேரன் எம். ஏ. எம். ராமசாமியும் இணைவேந்தராயினர். பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடிக்குள்ளானபோது தமிழ்நாடு அரசு 2013இல் புதிய சட்டம் இயற்றி நிருவாகத்தை ஏற்றது. நிறுவனர் குடும்பத்தின் உரிமை அத்துடன் முடிந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் கடலூர், விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு இணைவு வழங்கும் பொறுப்பை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தது.