மொண்டிசோரி அம்மையாரின் முதற் பள்ளி

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் காலை வேளையில் நடப்பவர்கள் ஒரு பெயரைக் காணாமல் நடத்தல் இயலாது. மதிற்சுவர்களிலும் வண்ணப் பலகைகளிலும் எழுதப்பட்டிருக்கும் அப்பெயர் மொண்டிசோரி என்பது. தோளிலே தண்ணீர்ப் போத்தல் தொங்க, மூன்று வயதுக் குழந்தையொன்று எங்கே போகிறதென்று வினவினால், அதன் கைபிடித்துச் செல்லும் பாட்டியார் மொண்டிசோரிக்குப் போகிறது என்றே விடை பகர்வார். ஒரு மாதரசியின் பெயர் நமது நகரத்தில் பொதுச்சொல்லாகி, பாலர் பாடசாலை என்னும் நல்ல தமிழையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

அந்த மாதரசி இத்தாலிய நாட்டவர் என்பதையும், குழந்தைக் கல்வியிலே புதுவழி கண்டவர் என்பதையும் ஆசிரியர்கள் அறிவர். ஆனால் அவர் முதன்முதல் தலைமை பூண்டு நடத்திய நிலையம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக எழுந்ததன்று. கல்வி ஏறாது என்று பாடசாலைகள் கைவிட்ட பிள்ளைகளுக்காகவே அது எழுந்தது. இவ்வுண்மையை நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன். அதை அறிந்தபோது எனக்குண்டான வெட்கம் இன்னும் நீங்கவில்லை. ஆதலால் அம்மையாரின் வரலாற்றைக் கூறுமுன் என் கதையிற் சிறிது கூறுவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1974ஆம் ஆண்டு நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையிலே பாலர் வகுப்பு ஆசிரியையாகப் பணி தொடங்கினேன். என் வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் ஒரு சிறுவனுக்குப் பேச்சுத் திருந்தவில்லை. அகரத்தைக் காட்டினால் யன்னலைப் பார்ப்பான். வகுப்பிலிருந்த பழைய அலுமாரியின் கொளுக்கி ஒன்றிலேதான் அவனுக்கு நாட்டம். அதை மாட்டுவான், கழற்றுவான், மறுபடியும் மாட்டுவான். கண்டித்து இருத்தினால் அழுவான். மற்றப் பிள்ளைகளின் படிப்புக்கு அவன் இடையூறு என்று கருதி, ஒரு நாள் அவன் தாயை அழைத்து, பிள்ளை வளரட்டும், அதுவரை வீட்டில் வைத்திருங்கள் என்று சொன்னேன். அவள் எதிர்வார்த்தை ஒன்றும் பேசவில்லை. அவனுடைய சிலேட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போனாள். பிறகு அவர்கள் வரவில்லை. நான் செய்தது பிழை என்று எவரும் சொல்லவுமில்லை. அக்காலத்து வழக்கமே அதுதான்.

சில ஆண்டுகள் சென்றபின், ஆசிரிய பயிற்சிக்காக மொண்டிசோரி அம்மையாரின் நூலைப் படிக்க நேர்ந்தது. அதிலே என் அலுமாரிக் கொளுக்கியை நான் கண்டேன். எவ்வாறென்பதைப் பின்னர் கூறுவேன்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகத்து 31ஆந் திகதி, இத்தாலியின் கிழக்குக் கரையோரத்தில் அங்கோனா நகருக்கு அணித்தான கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்கப் புகையிலைத் துறையில் உத்தியோகத்தர். பழைய ஒழுக்கங்களைப் போற்றியவர். தாயார் நூற்பயிற்சி மிக்கவர். மகளின் ஆவலுக்கு என்றுந் துணைநின்றவர். குடும்பம் உரோமாபுரிக்குப் பெயர்ந்தபின், பெண்கள் அரிதாகவே புகுந்த தொழினுட்பப் பாடசாலையிலே மரியா சேர்ந்தார். பொறியியலாளராக விரும்பியவர் பின்பு வைத்தியத்தை நாடினார். ஆண் மாணவரோடு ஒருங்கிருந்து பிரேதத்தை அறுத்துப் பார்த்தல் பெண்ணுக்குத் தகாது என்று கருதிய காலமாதலால், மற்றவர்கள் போனபின் தனியே அந்தக் கூடத்தில் நின்று அவர் கற்க வேண்டியதாயிற்று. 1896இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவ நிலையத்தில் உதவியாளராகப் பணியாற்றுகையில், சிகிச்சைக்கேற்ற நோயாளரைத் தெரிவதற்காக நகரத்துப் பைத்தியசாலைகளுக்கு அவர் செல்வது வழக்கம். மந்தபுத்தியுள்ளோர் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள் அங்கே பைத்தியம் பிடித்த முதியோருடன் அடைக்கப்பட்டிருந்தனர். வெறுஞ் சுவர், வெறுந் தரை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையிலே விழுந்து பாண் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவற்பெண் வெறுப்போடு காட்டினாள். அவள் அதில் பெருந்தீனியைக் கண்டாள். அம்மையாரோ வேறொன்றைக் கண்டார். அந்த அறையில் விரல்கள் தொட்டு உருட்டிப் பார்ப்பதற்கு அத்துணுக்குகளைத் தவிர யாதொரு பொருளும் இருக்கவில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப் பசியன்று, கைப்பசி என்று அவர் உணர்ந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் கொட்டாஞ்சேனைக் கொளுக்கி என் மனத்தில் மாட்டிக்கொண்டது. அச்சிறுவன் என் வகுப்பைக் குழப்பவில்லை. அங்கே தன் கைக்குக் கிடைத்த ஒரேயொரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தான்.

தாம் கண்டதற்கு அடிப்படை தேடிய அம்மையார் இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஒருவர் இத்தார், அவெய்ரோன் காட்டில் அகப்பட்ட, பேச்சறியாத சிறுவனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்டுக்கணக்கிற் பயிற்றியவர். மற்றவர் அவர் வழிவந்த செகேன்; அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாரிசு நகரிற் கல்வி புகட்டி, பின்னர் அமெரிக்கா சென்று தமது முறையை விரித்தெழுதியவர். தசைகளைப் பழக்கு, பின் புலன்களைப் பழக்கு, பின்னரே கருத்துக்குச் செல் என்பது செகேன் கொள்கையின் சாரம். இவ்விருவர் நூல்களையும் அம்மையார் இத்தாலிய மொழியிற் பெயர்த்து, ஒவ்வொரு சொல்லின் எடையும் விளங்கும்பொருட்டுத் தம் கையாலேயே முழுதும் எழுதினார்.

1898இல் தூரின் நகரத்திற் கூடிய கல்வி மாநாட்டில் அவர் எழுந்து, இப்பிள்ளைகளின் குறை வைத்தியரை மட்டும் சார்ந்ததன்று, பெரும்பாலும் கல்வியைச் சார்ந்தது என்று வாதித்தார். இதனை ஏற்றவர்கள் ஒரு தேசிய சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் முயற்சியால் 1900இல் உரோமாபுரியிலே ஓர்த்தோபிரனிக் கலாசாலை திறக்கப்பட்டது. மனத்தைச் செவ்விதாக்குதல் என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். யுசெப்பே மொந்தேசானோ என்னும் வைத்தியரும் மரியா அம்மையாரும் அதன் இணைத் தலைவர்களாயினர்.

அது ஆசிரியரைப் பயிற்றும் இடமாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் ஒருங்கே விளங்கியது. முதல் அணியில் 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். நரம்பு மண்டலத்தின் அமைப்பு, உளநூல், குறைபாடுகளின் காரணங்கள், விசேட போதனை முறைகள் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். கற்றதைச் சோதிக்கக் கலாசாலையோடு ஒரு வகுப்பறையும் இணைந்திருந்தது. சாதாரண பாடசாலைகள் தள்ளிய பிள்ளைகளே அதன் மாணவர். தலைவியென்று தனியறையிற் கதிரை போட்டு அமராமல், அம்மையார் காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணிவரை பிள்ளைகளிடையே நின்றார். இரவிலே அன்று கண்டவற்றைக் குறித்து, ஒப்பிட்டு, வகைப்படுத்தினார்.

அவ்வகுப்பறையிற் பிறந்த உண்மைகளுள் ஒன்றைக் கூறுகிறேன். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கையில் வலுவிருந்தும் தையல் வரவில்லை. நூலை ஒன்றுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழுமாகச் செலுத்தும் முதற்படியே அவளுக்கு எட்டவில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, கடதாசிக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்போலப் பின்னக் கொடுத்தார். அதிலே அவள் ஈடுபட்டுத் தேறியபின் ஊசியை மீண்டுங் கொடுத்தபோது தையல் தானாக வந்தது. தையலைக் கற்பிக்குமுன் தையலுக்கு வேண்டிய கையசைவைக் கற்பித்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட விதி. எழுத்துக்கும் அவ்விதியே பொருந்தும் என்று துணிந்து, மரத்தாலே எழுத்துக்களைச் செய்வித்தார். உயிரெழுத்துக்குச் சிவப்பு, மெய்யெழுத்துக்கு நீலம். பிள்ளைகள் அவற்றை விரலால் வருடி வருடி, எழுதுகோல் பிடிக்குமுன்னரே எழுத்தின் வடிவைக் கையிற் பதித்துக்கொண்டனர்.

மணலிலே விரல் பிடித்து அகரம் எழுதுவித்த நம் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்கள் இதனைக் கேட்டால் வியந்திரார். விரலே எழுத்தின் முதல் ஆசான் என்பதை நம்மவரும் அறிந்திருந்தனர். ஆனால் அகரம் வராத பிள்ளையைக் குறித்து, பிழை பிள்ளையிடமா, பாடத்தின் படிமுறையிலா என்று ஆராய்ந்து, அதற்கென நிலையம் அமைத்தது இவ்வம்மையாரின் தனிச்சிறப்பு.

விளைவு உரோமாபுரியையே திகைக்கவைத்தது. கல்வி ஏறாது என்று தள்ளப்பட்ட அப்பிள்ளைகளிற் சிலர், மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக அரசாங்கப் பரீட்சையில் அமர்ந்து சித்தியெய்தினர். யாவரும் அதிசயம் என்று பாராட்டினர். அம்மையார் மகிழ்ந்தாரேனும், அவருள்ளத்திலே வேறொரு கேள்வி எழுந்தது. இத்தகைய பிள்ளைகளே இவ்வளவு தூரம் வரக்கூடுமாயின், நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளை இவர்களோடு சமமாக நிற்கும் அளவுக்குத் தாழ்த்தி வைத்திருப்பது எது? அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் இக்கேள்விக்கு விடையாகவே அமைந்தது.

ஆயினும் அந்தக் கலாசாலையில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1901இல் விலகிவிட்டார். அக்காலத்து அவர் வாழ்வில் ஒரு துயரமும் சேர்ந்திருந்தது. மொந்தேசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மரியோ என்னும் மகன் பிறந்திருந்தான். அவர்கள் மணஞ்செய்திருக்கவில்லை. செய்தி வெளிப்பட்டால் ஒரு பெண் வைத்தியரின் தொழிலும் பெயரும் அன்றே முடிந்துவிடும். குழந்தை நாட்டுப்புறத்திலே ஒரு குடும்பத்தாரிடம் மறைவில் வளர்ந்தது. மொந்தேசானோ வேறொருத்தியை மணந்தார். பிறர் பிள்ளைகளுக்காக நாள்முழுதும் நின்ற கைகள் தம் பிள்ளையைத் தூக்க உரிமையின்றி இருந்தன. மகன் பதினைந்து வயதளவில் தாயிடம் வந்து சேர்ந்தான். பின்னாளில் அவர் இறக்கும்வரை துணையாக நின்றான்.

1907 சனவரி 6ஆந் திகதி, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. கலாசாலையிலிருந்த அழகிய மர எழுத்துக்களைச் செய்விக்க அங்கே பணமில்லாமையால், அம்மையார் கடதாசியிலும் மணற்கடதாசியிலும் எழுத்துக்களை வெட்டினார். இன்று உலகெங்கும் மொண்டிசோரி வகுப்புகளிற் காணப்படும் சொரசொரப்பான எழுத்துக்களின் வரலாறு இதுவே. 1909இல் வந்த அவரது நூல் சில ஆண்டுகளிற் பல மொழிகளிற் பரவியது. முசோலினியின் ஆட்சியோடு முதலில் இணங்கிச் சென்றவர், பின்னர் பிணங்கி 1934இல் நாட்டை விட்டு நீங்கினார்.

1939இல் பிரமஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று, எழுபதை நெருங்கிய வயதில் அம்மையார் மகனோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறுவருடம் இத்தாலி போரிற் குதிக்கவே, பிரித்தானிய அரசாங்கம் மரியோவைச் சிறைமுகாமில் அடைத்து, தாயை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தியது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று மகனை விடுதலை செய்தது. 1944இல் அம்மையார் இலங்கைக்கு வந்து, அரசாங்கம் அங்கீகரித்த பயிற்சி வகுப்பொன்றை நடத்தினார். அவர் இங்கு ஆற்றிய விரிவுரைகளைத் தழுவி ஞானப்பிரகாசம் என்பவர் தொகுத்த ஆங்கில நூல் 1940களின் இறுதியிற் கொழும்பிலேயே அச்சாயிற்று. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே அப்பெயர் வேரூன்றியதற்கு விதை அக்காலத்தில் வீழ்ந்ததே. 1952 மே 6ஆந் திகதி, ஒல்லாந்தின் நூர்த்வைக் என்னும் கடற்கரையூரில் அம்மையார் காலமானார்.

அவர் காலத்து அறிவியற் கருத்துக்களிற் சில இன்று கைவிடப்பட்டன. மந்தபுத்தி முதலான சொற்களும் வழக்கொழிந்தன; விசேட தேவையுடைய பிள்ளைகள் என்கிறோம். சொல்லை மாற்றிக்கொண்டோம்; வாயிலை மாற்றினோமா? உடற்குறை, உளக்குறை காரணமாக எவரையும் கல்வி நிலையத்திற் சேர்க்க மறுத்து வேறுபாடு காட்டலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்துள்ளது. ஆயினும், பேச்சு வரத் தாமதித்த பிள்ளையோடு வாயில் வாயிலாகச் சென்று திரும்பிய தாய்மாரை நான் அறிவேன். அவர்களைத் திருப்பிய வாயில்களுட் சிலவற்றின் மேலே அம்மையாரின் பெயரே எழுதியிருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று வயதிலேயே அத்திவாரம் இடும் அவசரத்தில், அந்தப் பெயர் யாரிடமிருந்து வந்ததென்பதை மறந்துவிட்டோம்.

மொண்டிசோரி முறை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகத் தோன்றிப் பின்பு குறையுள்ள பிள்ளைகளுக்கு இரங்கிக் கொடுக்கப்பட்டதன்று. குறையுள்ளவர் எனப்பட்ட பிள்ளைகளின் விரல்களிற் பிறந்து, அவர்களிடமிருந்து மற்றப் பிள்ளைகள் கடனாகப் பெற்றது. ஆதலின் அப்பெயரைத் தாங்கும் ஒவ்வொரு பாலர் பாடசாலையும் அத்தகைய ஒரு பிள்ளைக்கேனும் ஓர் ஆசனம் ஒதுக்குமாயின், அது தருமமாகாது. கடனைத் திருப்பிக் கொடுத்தலேயாகும்.

என் கடனை நான் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. அச்சிறுவனைப் பின்பு தேடினேன். அவர்கள் இருந்த வீட்டிலே வேறு குடும்பம் இருந்தது. ஓய்வு பெற்றபின், பயிற்சி பெறும் ஆசிரியைகளிடையே பேசும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம், 1900ஆம் ஆண்டு உரோமாபுரியில் இருந்த அந்த வகுப்பறையிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன். உங்கள் வகுப்பிலே யாதொரு பிள்ளையாவது கொளுக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால், தாயை அழைக்குமுன் அரைமணி நேரம் அந்தப் பிள்ளையின் அருகே அமர்ந்து அதன் கைகளைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.