ராஜாஜியும் விற்பனை வரியும்

விற்பனை வரி என்றாலே வர்த்தகர் முகம் சுளிப்பது வழக்கம். அதைப் பொது வரியாக இத்தேசத்தில் முதன்முதல் விதித்தவர், உப்பு வரியை எதிர்த்துச் சிறை புகுந்த ராஜகோபாலாச்சாரியாரே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இவ்விரு செயல்களையும் இணைப்பது எது என்று அறிந்தாலன்றி அவருடைய சரித்திரம் விளங்காது.

1878 டிசம்பர் 10ந் தேதி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அவர் பிறந்தார். 1900ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, 1917ல் அந்நகர சபையின் தலைவரானார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் தொழிலைத் துறந்தார். 1925ல் திருச்செங்கோட்டை அடுத்துக் காந்தி ஆசிரமம் நிறுவினார். உழைப்பாளியின் கூலி வீடு சேருமுன் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்டு, மதுவிலக்குக்கென்றே 1929ல் 'விமோசனம்' என்னும் பத்திரிகையை நடத்தினார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து உப்பெடுத்துச் சிறை சென்றார்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான அவர், அக்டோபர் 1ந் தேதியே சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொணர்ந்தார். கடையை மூடினால் மட்டும் போதாது. உழைத்துக் களைத்தவன் மாலைப் பொழுதைக் கழிக்க வேறு இடம் வேண்டும். ஆகவே அந்த ஜில்லாவில் தேநீர்க் கடைகள், விளையாட்டுகள், பஜனைகள், நாடகங்கள் ஆகியவற்றுக்குச் சர்க்காரே ஊக்கமளித்தது.

ஆனால் மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மதுவினின்றே வந்தது. அதை இழந்தால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே? அதற்கு விடையாகவே 1939ம் வருஷத்துப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. ஆண்டு விற்பனை பதினாயிரம் ரூபாய்க்குட்பட்ட சிறு கடைக்காரருக்கு வரி இல்லை. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நூற்றுக்கு அரை ரூபாய். வர்த்தகர் கடுமையாக எதிர்த்தனர். அவரோ அசையவில்லை. குடிப்பவனிடம் மட்டும் பறித்ததை எல்லோரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து சுமப்பதே நியாயம் என்பது அவர் கொள்கை. அந்நிய சர்க்கார் ஏழையின் உப்பின்மீது விதித்த வரிக்கும், ஏழையை மீட்க ஜனங்களின் மந்திரிசபை விதித்த வரிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

சட்டம் அமலுக்கு வந்த அம்மாத இறுதியிலேயே, யுத்தம் காரணமாக மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. பின் நடந்ததுதான் விபரீதம். ஆலோசகர் ஆட்சி 1944ல் மதுவிலக்கை நிறுத்தியது, வரியை நிறுத்தவில்லை! 1948ல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது, 1971ல் அகன்றது. அதைத் தடுக்கத் தொண்ணூற்றிரண்டு வயது முதியவராக முதலமைச்சரிடம் நேரில் சென்று வேண்டிய ராஜாஜி, 1972 டிசம்பர் 25ந் தேதி காலமானார்.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின், அவர் தொடங்கிய விற்பனை வரி பெரும்பாலும் பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின்மீதே எஞ்சியுள்ளது. மதுப் பணத்தைத் துறக்கவென்று பிறந்த வரி மதுவினாலேயே வாழ்கிறது. வரியைப் பயனோடு சட்டத்தில் கட்டி வைக்காவிடில் வரி நிலைக்கும், பயன் நழுவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தாம்பரத்தார் இதைச் சிந்திக்க வேண்டும். 1939ல் செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த இவ்வூர் வர்த்தகருக்கும் அவ்வரி வந்தது. மதுவிலக்கு அன்று வரவில்லை. 2021ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியன ஒரே மாநகராட்சியாயின. கேளிக்கை வரி விதிக்கும் அதிகாரம் 2017ம் வருஷத்துச் சட்டப்படி ஸ்தல ஸ்தாபனங்களுக்கே உண்டு. அவ்வரியில் ஒரு பங்கை, உழைப்பாளியும் அவன் பிள்ளைகளும் மாலையில் கூடும் விளையாட்டு மைதானத்துக்கும் படிப்பகத்துக்கும் பொது மண்டபத்துக்கும் என்று தீர்மானத்திலேயே ஒதுக்கி, கணக்கை ஆண்டுதோறும் ஜனங்கள் முன் வைக்கட்டும். சேலத்தில் ராஜாஜி தொடங்கியது அப்போதுதான் நிறைவுறும்.