யன்னலோரத்து ஒளி

பொருள்களைப் படம் பிடிக்க நல்ல வெயில் வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். திருகோணமலையிலே கச்சான் வீசும் மாதங்களில் உட்துறைமுகத்தின் நீர் கண்ணைக் கூசவைக்கும். அந்த ஒளியில் ஒரு மாம்பழத்தை வைத்துப் படமெடுத்தால் ஒரு பக்கம் வெளிறிவிடும், மறுபக்கம் கரியாகிவிடும். வாடை பிறந்து முகில் மூடிய பின்னரே பழத்தின் உருட்சி படத்தில் விழுகின்றது. முகில் வானம் முழுவதையுமே ஒரு விளக்காக்கிவிடுகின்றது அல்லவா? துறைமுகத்தருகே வாழும் நான் இதனைக் கற்றது பிராக் நகரத்து ஒற்றைக்கைக் கலைஞர் ஒருவரின் படங்களிலிருந்துதான்.

யோசெப் சுடெக் 1896ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பொஹீமியாவிலுள்ள கொலின் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். மகன் சிறு குழந்தையாய் இருக்கையிலேயே மறைந்தார். சுடெக் புத்தகம் கட்டும் தொழில் பயின்றார். 1915இல் படையிற் சேர்க்கப்பட்டு இத்தாலியப் போர்முனைக்குச் சென்றவர், அங்கே பட்ட காயத்தால் வலக்கையைத் தோளோடு இழந்தார். புத்தகம் கட்ட இரு கைகள் வேண்டும். புகைப்படக் கலைக்கும் வேண்டுந்தான். எனினும் அதனையே அவர் பற்றிக்கொண்டார்.

1926இல் இசைக்குழு நண்பர்களுடன் இத்தாலி சென்றபோது, இடையிலே பிரிந்து, கை இழந்த இடத்தைத் தேடிப்போனார். இடம் கிடைத்தது, கை கிடைக்கவில்லை. மறு ஆண்டு பிராக்கிலே தோட்டம் சூழ்ந்த மரக்குடில் ஒன்றைத் தம் கலைக்கூடமாக்கிக்கொண்டார்.

1939இல் ஜெர்மானியர் அந்நகரைக் கைப்பற்றினர். தெருவிலே கமராவுடன் திரிவது ஆபத்தாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் நம் துறைமுகத்தின்மீது ஜப்பானியர் குண்டு வீசினரே, அக்காலத்தில் சுடெக் தம் குடிலின் யன்னலையே படமெடுத்துக்கொண்டிருந்தார். பனியும் ஈரமும் படிந்த அந்தக் கண்ணாடி வெளியொளியை வடிகட்டி உள்ளே அனுப்பியது. 1940 முதல் 1954 வரை அந்த யன்னலை அவர் விடவேயில்லை. அதன் விளிம்பில் ஒரு முட்டை, ஒரு துண்டுப் பாண், பாதி நீருள்ள கண்ணாடிக் குவளை: இவையே அவருடைய உலகம். போரிலிருந்து ஒளிந்தவர் என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. போர் தின்றது போக எஞ்சியதை அவர் எண்ணிப் பார்த்தார் என்றே கொள்கின்றேன்.

நிழலற்ற ஒளியைத் தட்டையானது என்று ஒதுக்குவோர் அவருடைய முட்டைப் படத்தைப் பார்த்தல் வேண்டும். கரிய நிழல் ஏதும் தாங்காமலே முட்டை உருண்டு நிற்கின்றது. வெண்மைக்கும் சாம்பல் நிறத்துக்கும் இடையிலுள்ள சின்னஞ்சிறு படிகளே அந்த உருவைத் தருகின்றன. அப்படிகள் அழியாதிருக்கவே, 1940 தொடக்கம் பெரிய நெகட்டிவைப் பெருக்காமல் தாளோடு ஒட்டவைத்து, அதே அளவில் அச்சிட்டார். பழைய படமொன்று இவ்வாறு அச்சிடப்பட்டிருக்கக் கண்டு மயங்கியவர் அவர். அவசரம் அறியாதவர். ஒளி குறைந்தால் அதற்கேற்ப நெடுநேரம் காத்திருந்தார். பாரமான பெட்டிக் கமராவை ஒரு கையாற் சுமந்து திரிந்தவருக்குக் காத்திருப்பது பெரிதன்று.

நம் நாட்டு லயனல் வென்ட் இவருடைய சமகாலத்தவர், 1944இலேயே மறைந்தார். சுடெக்குக்கு ஆயுள் நீண்டது. செவ்வாய் மாலைகளில் நண்பர்களைக் கூட்டி இசைத்தட்டுக் கேட்பார். மணம் செய்யவில்லை. 1976 செப்டெம்பர் 15இல் காலமானார். குடில் 1985இல் எரிந்துபோயிற்று. அதே இடத்தில் அதனைப் போன்ற வேறொன்று பின்னர் எழுப்பப்பட்டது.