நீ, நீர், நீங்கள் — வீரமாமுனிவர் சொல்லிக் கொடுத்த பாடம்



முதல் வருஷம் ஹாஸ்டலில் நடந்தது. நெல்லைப் பக்கத்து நண்பன் ஒருவன் ஒரு சீனியரிடம், நீரு எப்ப வந்தீரு என்று கேட்டுவிட்டான். அவன் ஊரில் அது மரியாதை. நம்ம திருச்சிக்கார சீனியருக்கோ கிண்டலாகப் பட்டது. விஷயம் சட்டைக் காலரைப் பிடிக்கும் வரை போய்விட்டது. பாலக்கரையிலேயே பிறந்து வளர்ந்த நானும் அன்று சிரித்தவன்தான். பிறகு ஒருவர் கதையைப் படித்தபோது வெட்கமாகிவிட்டது.

அவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. சேசு சபைக் குருவாக 1710-ல் கோவா வந்து, அங்கிருந்து தமிழ்நாடு சேர்ந்தார். நமக்குப் பக்கத்திலேதான், கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பல காலம் இருந்தார். தேம்பாவணி என்ற காப்பியமும், சதுரகராதி என்ற அகராதியும், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணமும் எழுதினார்.

இவ்வளவு பெரிய புலவர் பேச்சுத் தமிழை ஒதுக்கவில்லை. செந்தமிழுக்குத் தனியாகவும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியாகவும் லத்தீனில் இலக்கணம் எழுதினார். புதிதாக வரும் குருமார்கள் ஊர் மக்களோடு பேச வேண்டுமே! லத்தீனில் ஒருவருக்கு ஒரு சொல், பலருக்கு ஒரு சொல், அவ்வளவுதான். தமிழிலோ நீ வந்தாய், நீர் வந்தீர், நீங்கள் வந்தீர்கள் என்று ஆளைப் பார்த்து வினையின் வாலே மாறுகிறது. வால் தப்பினால் மரியாதை தப்பும்.

தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு அவருக்குக் கடும் சண்டை. அவர்களைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். ஆனாலும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடிக்காரர்கள்தான்! சண்டை வேறு, மொழி வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1747-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் மறைந்தார். 1968-ல் மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பழந்தமிழில் நீர் என்பது பன்மை. பிறகு ஒருவரையே மரியாதையாகச் சொல்ல வந்தது. இன்று நம்ம ஊரில் அந்த இடத்தை நீங்கள் பிடித்துக்கொண்டது. நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் நீர் இன்னும் உயிரோடிருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் பெரியவர்களுக்குச் சொன்ன வோஸ், இன்று அர்ஜென்டினாவில் நண்பர்களுக்குள் சொல்வது. ஊர் மாறினால் சொல்லின் மரியாதையும் மாறும். அதில் தப்பு யாருடையது?

ஏழு கடல் தாண்டி வந்தவர் நம்ம பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். பக்கத்து ரூம்காரன் பேச்சை நாம் கேட்கவில்லை.

அந்த நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் மெஸ்ஸுக்குப் போகும்போது, வாரும்வே என்றுதான் அவனைக் கூப்பிடுகிறேன். அவன் சிரித்துக்கொண்டே, வாங்க பாலக்கரை என்கிறான்.